அறுநூறு காலடி

ஆவுடையப்பன் பென்குயின் பார்க்கத்தான் அண்டார்டிகாவுக்கு வந்திருந்தார். இதைக் கோவில்பட்டியில் வீட்டைப் பூட்டும்போது எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார். விமானத்தில் பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிச் சொன்னார். கப்பலில் காலைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்த நார்வேக்காரரிடம், காதில் மாட்டிய மொழிபெயர்ப்புக் கருவி வழியாக, இரண்டு தடவை சொன்னார். நார்வேக்காரர் முதல் தடவையே புரிந்துகொண்டுவிட்டார் பாவம்.

செண்பகவல்லி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருஷமாக அவருக்கு வாழ்க்கைப்பட்டவள். அவர் வாய் ஒன்று சொன்னால் வயிறு ஒன்று சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும்.

"பென்குயின் பாக்கணும்னா டிவியில பாத்திருக்கலாம். இதுக்கு ஏழு கடல் தாண்டணுமா?" என்றாள்.

"டிவியில வாடை அடிக்காதுல்லா" என்றார் ஆவுடையப்பன். பேச்சில் அவரை மடக்க முடியாது.

இன்று கப்பல் நிற்கப்போகிற தீவில் பென்குயின்கள் இருப்பது உண்மைதான். அவற்றைத் தாண்டி, மேட்டுக்கு அந்தப்பக்கம், பாசி ஆராய்ச்சி நிலையம் என்று ஒரு சின்னக் கட்டடமும் இருக்கிறது. அதில் ஐந்து வருஷமாக வேலை பார்க்கிறாள் இவர்களுடைய ஒரே மகள் உலகம்மாள். இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், இரண்டாம் வருஷக் கடைசியில் திரையில் வந்து, "இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கட்டுமாப்பா?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றார் ஆவுடையப்பன். அதோடு சரி. மூன்று வருஷமாக மகள் திரையில் வந்தால் இவர் எழுந்து தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மாடிக்குப் போய்விடுவார். நிரம்பாத தொட்டியை ஒரு மனிதர் முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். இறங்கி வந்து, "வச்சுட்டாளா?" என்பார். கோபம். அப்படியொரு கோபம் அவருக்கு.

குலுக்கலில் பெயர் வந்ததே செண்பகத்தால்தான். உலகம் பூராவும் சீட்டுப் போட்டு வருஷத்துக்கு இரண்டாயிரம் பேரைத்தான் அந்த மண்ணில் இறங்கவிடுகிறார்கள். இரண்டு பேர் பெயரையும் அவள் எழுதிப்போட்டாள், விழுந்தது. இன்றைக்கு அப்பனும் மகளும் நேருக்கு நேர் நின்று நாலு வார்த்தை பேசியாக வேண்டும். அது நடக்காவிட்டால் இனி இந்த ஜென்மத்தில் இல்லை என்று அவள் நினைத்தாள்.

படகில் ஏறுமுன் ஒவ்வொருவர் பையையும் உறிஞ்சும் கருவியால் சுத்தம் செய்தார்கள். ஆவுடையப்பனின் சட்டைப்பையிலிருந்து பாதித் தட்டை வந்தது. உள்பையிலிருந்து மீதிப் பாதி வந்தது. பிறகு ஒவ்வொருவருக்கும் முழங்கால்வரை ஒரு பூட்ஸ் மாட்டிவிட்டார்கள். கப்பலின் வழிகாட்டி மரிசோல் என்ற சிலிநாட்டுப் பெண், அவள் மொழியில் மளமளவென்று பேசினாள். காதுக்கருவி அதைப் பள்ளிக்கூடத் தமிழ் ஐயா போல மொழிபெயர்த்தது.

"அன்பர்களே, பனி உருகியதால் வெளிப்பட்ட நிலத்தில் பாசி முளைத்திருக்கிறது. ஒரு காலடி பட்ட பாசி மீண்டும் எழப் பத்தாண்டுகள் ஆகும். ஆகவே ஒரு மனிதருக்கு அவருடைய வாழ்நாளில் இந்த மண்ணில் அறுநூறு காலடிகள் மட்டுமே. உங்கள் காலணி எண்ணிக்கொண்டே வரும். எஞ்சியவற்றை உங்கள் காதில் மட்டும் சொல்லும்."

"தீந்து போச்சுன்னா?" என்றார் ஆவுடையப்பன்.

"காலணி பூட்டிக்கொள்ளும். பிறகு தூக்கி வரும். அது பறக்கும் இயந்திரம். நான்கு கரங்கள் உண்டு. உங்களைப் படுக்கவைத்துப் படகில் கொண்டுவந்து சேர்க்கும்."

ஆவுடையப்பன் முகம் சுருங்கிவிட்டது. "நாலு பேரு தூக்க, படுத்துக்கிட்டுப் போறதா? எங்க ஊர்ல ஆயுசுக்கு ஒரு தடவைதாம்மா அப்படிப் போறது. நான் மாட்டேன்."

"அந்தத் தூக்கியிலயே பாசி வீட்டுல கொண்டுபோய் இறக்கிவிட மாட்டீங்களா?" என்றாள் செண்பகம் ஆசையாக.

"கரைக்குத் திரும்ப மட்டுமே அதற்கு அனுமதி, அம்மையே. நிலையம் இங்கிருந்து ஐந்நூற்று இருபது காலடி. கவனமாக நடந்தால் போய்ச் சேரலாம். எண்பது காலடி உபரி."

எண்பது போதாதா என்றுதான் செண்பகமும் நினைத்தாள். கட்டின புருஷனை மறந்துவிட்டு நினைத்தாள்.

படகு கரையைத் தொட்டது. வானம் வெளிச்சமாக இருந்தது, குளிர் மூக்கைப் பிடித்து ஆட்டியது. ஆவுடையப்பன் வலதுகாலை எடுத்துவைத்து இறங்கினார். பத்தடி நடந்திருப்பார். அவருடைய பூட்ஸ் வாயைத் திறந்து, கரையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "அன்பரே, எங்கே செல்கிறீர்கள்?" என்றது.

ஆவுடையப்பன் அப்படியே நின்றுவிட்டார்.

கிளம்புகிறவனை எங்கே என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் உருப்படாது. அப்படியும் எவனாவது கேட்டுத் தொலைத்துவிட்டால், திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்ப வேண்டும். ஆவுடையப்பன் கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகளில் முப்பத்திரண்டு வருஷம் ஏறி இறங்கிப் பழுது பார்த்தவர். ஒரு கீறல் இல்லாமல் ஓய்வு பெற்றார். இடுப்பில் கட்டிய பாதுகாப்புப் பட்டைதான் காரணம் என்று கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது. வண்டியை எடுக்கும்போது எவனாவது "எங்கண்ணே?" என்று கேட்டால் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் காரணம் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

திரும்பினார். பத்தடி நடந்து படகுக்கு வந்தார். விளிம்பில் உட்கார்ந்தார். மரிசோலிடம் தண்ணீர் வாங்கி ஒரு வாய் குடித்தார். எழுந்தார், வலதுகாலை வைத்தார், பத்தடி நடந்தார்.

"அன்பரே, எங்கே செல்கிறீர்கள்?"

"சனியனே" என்றார் ஆவுடையப்பன். திரும்பினார்.

"என்னங்க, அது மிஷினுங்க. பதில் சொல்லிட்டு நடங்க. இருபது இருபதாப் போகுது" என்று செண்பகம் பல்லைக் கடித்தாள்.

"மிஷினு கேட்டாலும் கேட்டது கேட்டதுதான்."

மூன்றாவது தடவையும் கேட்டது, மூன்றாவது தடவையும் திரும்பினார். அறுபது காலடி காலி. கரையில் நின்ற மற்ற பயணிகள் பென்குயினை விட்டுவிட்டு இவரைப் படமெடுக்க ஆரம்பித்திருந்தார்கள். செண்பகம் குனிந்து அவர் பூட்ஸைப் பார்த்து, "ஏ, இவரு பாசி வீட்டுக்குப் போறாரு. இனிமே கேக்காத" என்றாள்.

"பதில் உரியவரிடமிருந்தே வர வேண்டும், அம்மையே" என்றது பூட்ஸ்.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. ஆனால் இன்னொன்றும் தோன்றியது. வெறும் பென்குயின் பார்க்கப் போகிறவன் சகுனத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவானா? இந்த மனிதருக்கு இன்றைக்கு ஏதோ காரியம் நல்லபடியாக முடிய வேண்டியிருக்கிறது. அதை நினைத்ததும் அவளுக்குக் கோபம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டாள், பிறகு தேவைப்படும் என்று.

மரிசோல்தான் வழி சொன்னாள். "ஐயா உட்கார்ந்திருக்கும்போதே காலணி கேட்டால் பரவாயில்லையா?"

ஆவுடையப்பன் யோசித்தார். "உக்காந்திருக்கவன் கிளம்பலைல்லா. கேக்கலாம்."

மரிசோல் மணிக்கட்டில் எதையோ தட்டினாள். பூட்ஸ் கேட்டது: "அன்பரே, எங்கே செல்கிறீர்கள்? எதன் பொருட்டு?"

"பென்குயின் பாக்க."

"பென்குயின் திடல் வலப்புறம், நூறு காலடி. அதைத் தாண்டிச் செல்ல உங்களுக்கு அனுமதி கிடையாது. பதிவு செய்யட்டுமா?"

"இரு, இரு." ஆவுடையப்பன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நார்வேக்காரர் பக்கத்தில்தான் நின்றார். குரலைத் தணித்து, "பாசி வீடு" என்றார்.

"எதன் பொருட்டு?"

"சொந்தக்காரங்க இருக்காங்க" என்றார் ஆவுடையப்பன், யாரோ தூரத்துப் பங்காளியைச் சொல்வதுபோல.

பதிவாகிவிட்டது. இரண்டு பேரும் கிளம்பினார்கள். ஒரு முந்நூறு அடிவரை ஒரு குறையும் இல்லை. வலப்புறத்தில் ஆயிரக்கணக்கான பென்குயின்கள் ஒன்றோடொன்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. ஊர் ஊராகத் தம்பட்டம் அடித்துக்கொண்டு வந்தவர் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. கண் மேட்டின்மேலேயே இருந்தது.

அப்போது ஒரு பென்குயின் தனியாகக் கிளம்பி, கல்யாண வீட்டில் முறைமாமன் வருவதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நேராக இவரை நோக்கி வந்தது. ஐந்து மீட்டருக்குள் அது வந்தால் மனிதன்தான் பின்வாங்க வேண்டும், அது சட்டம். ஆவுடையப்பன் ஏழடி பின்வாங்கினார். பென்குயின் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தது.

"பாருங்க, நல்லாப் பாருங்க. இதுக்குத்தானே வந்தீங்க" என்றாள் செண்பகம்.

"தள்ளு, தள்ளு. போ அங்கிட்டு" என்று ஆவுடையப்பன் பென்குயினை நோக்கிக் கையை வீசிக்கொண்டிருந்தார். அது போனதும் அந்த ஏழடியைத் திரும்ப நடக்க வேண்டியிருந்தது.

மேட்டின் உச்சியில் அவருக்கு மூச்சு வாங்கியது. முழங்கால் வேறு ஒத்துழைக்கவில்லை, அடி சின்னச் சின்னதாக விழ ஆரம்பித்தது. "எத்தனை மிச்சம்?" என்று கேட்டாள் செண்பகம்.

"இருக்கு. நீ முன்னாடி போ. நான் பைய வாரேன்."

அவளுக்கு விட்டுவிட்டுப் போக மனமில்லை. ஆனால் மேட்டுக்குக் கீழே கட்டடம் தெரிந்தது. தரையைத் தொடாமல் கம்பிக் கால்களில் நின்றது. முன்னால் ஒரு பலகை மேடை, மேடையில் சிவப்புச் சட்டை போட்ட ஓர் உருவம் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தது. பிறகு செண்பகத்துக்குப் புருஷன் நினைவு இல்லை, காலடி நினைவும் இல்லை. பூட்ஸ் காதில் என்னவோ எண்ணிக்கொண்டே வந்தது, கேட்கவில்லை. மேடையில் ஏறி மகளைக் கட்டிப்பிடித்து, குளிர்ச்சட்டைக்கு மேலேயே முதுகைத் தடவி, "எலும்புதான் இருக்கு" என்றாள். சட்டை மட்டும் மூன்று விரல் தடிமன். எலும்பு எங்கே தட்டுப்பட்டது என்று கேட்கக்கூடாது.

"அப்பா வாராங்களாம்மா?" என்றாள் உலகம்மாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"வாராரு. பென்குயின் பாக்க."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆவுடையப்பன் மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒவ்வோர் அடியாக, ஏணியில் இறங்குகிறவர் போல. மேடைக்கு எட்டடி இருக்கும்போது நின்றார். முகத்தைப் பார்க்கலாம், கண்ணைப் பார்க்கலாம். கையை நீட்டினால் எட்டாது.

"என்னங்க, வாங்க."

"அவ்வளவுதான். தீந்து போச்சு" என்றார் ஆவுடையப்பன்.

செண்பகத்துக்கு உயிரே போய்விட்டது. அறுபது அடி. தண்ணீர் குடிக்கத் திரும்பித் திரும்பிப் போய்த் தொலைத்தாரே, அதில் எட்டு இருந்திருந்தால் போதுமே. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று ஆரம்பித்தவளுக்கு அழுகை முந்திக்கொண்டது.

"விடும்மா. நான் போறேன்" என்றாள் உலகம்மாள். மேடை விளிம்புக்கு வந்தாள்.

"உனக்கு எத்தனை அடி இருக்கு?"

"எங்களுக்கு வருஷத்துக்கு இவ்வளவுன்னு உண்டும்மா. இந்த வருஷம் பாசியளக்கவே தீத்துட்டேன். பதினொண்ணு மிச்சம். புதுசு வர இன்னும் ரெண்டு மாசம் ஆகும்."

"போக எட்டு, திரும்ப எட்டு."

"திரும்ப முடியாது." உலகம்மாள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "வேலை செய்யறவங்க நடுவுல தீத்துட்டா இங்க இருக்க முடியாது. வார கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க. மறுபடி விட மாட்டாங்க."

வருகிற கப்பல் என்றால் இந்தக் கப்பல்தான். செண்பகத்துக்கு அது புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. எட்டே எட்டு அடி. மகள் இறங்கிவிட்டால் இன்றைக்கே தன்னோடு வந்துவிடுவாள். கோவில்பட்டி வீட்டு மாடி அறை, அதில் மகளுடைய துணி காயும் கொடி, எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்துவிட்டது. 'வேண்டாம்டி' என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். பெற்றவள் சொல்ல வேண்டிய வார்த்தை அது. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். இறங்கட்டும், அவளாகத்தானே இறங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

உலகம்மாள் ஒரு காலைத் தூக்கிக் கீழே இறக்கினாள்.

"வைக்காத" என்றார் ஆவுடையப்பன். காற்றாலைக்குக் கீழே நின்று மேலே இருக்கிறவனுக்குக் கத்துகிற குரல் அது. "காலை எடு மேல. ஒரு அடி மண்ணுல பட்டுச்சு, பாத்துக்க."

மூன்று வருஷத்துக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு இது. உலகம்மாள் காலை மேலே எடுத்துக்கொண்டாள். தூக்கிய காலோடு கொக்கு மாதிரி நின்று அழுதாள்.

"அழாத. அழுதா மூஞ்சியில உறைஞ்சிரும்" என்றார் ஆவுடையப்பன்.

"அப்படியெல்லாம் உறையாதுப்பா."

"உறையாதா? சரி, அப்ப அழு."

தூக்கி வந்து சேர இருபது நிமிஷம் ஆகும் என்று கரையிலிருந்து மரிசோல் காதுக்கருவியில் சொன்னாள். இருபது நிமிஷம் ஆவுடையப்பனால் எங்கேயும் எழுந்து போக முடியாது. பார்ப்பதற்குத் தொட்டியும் இல்லை. கொஞ்ச நேரம் பூட்ஸைப் பார்த்தார், கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு கட்டடத்தின் கூரையைப் பார்த்தார். அங்கே ஒரு சின்னக் காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது.

"அது என்ன, கிரீச்சு கிரீச்சுங்குது?"

"ஒரு மாசமா அப்படித்தான்ப்பா."

"ஒரு மாசமா? பேரிங்கு போகப் போகுது. கிரீஸ் வச்சியா?"

"வச்சேன். கேக்க மாட்டேங்குது."

"பழசை வழிச்சு எடுத்துட்டு வச்சியா, மேலயே அப்பினியா?"

உலகம்மாள் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பியிருக்க. மண்ணெண்ணெய் இருக்கா? துணியில நனைச்சுப் பூராவும் தொடை. தொடைச்சுட்டுக் காய விடு. அப்புறம் வை. நான் உயிரோட இருக்கும்போதே என் மக வீட்டுல காத்தாடி இப்படிக் கத்தணுமா?"

செண்பகம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கிரீஸ், போல்ட், காற்றடிக்கும் திசை என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில், "அப்படி என்னதான் வேலை பாக்க?" என்று ஒரு கேள்வியைப் போகிற போக்கில் போட்டார். உலகம்மாள் மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு பாறையைக் காட்டினாள். அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாக ஒரு பாசித் திட்டு இருந்தது. முதல் வருஷத்திலிருந்து அதை அளந்து வருகிறாளாம். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்கிறதாம்.

"அப்ப அஞ்சு வருஷத்துக்கு?"

"அஞ்சு மில்லிமீட்டர்ப்பா."

"அஞ்சு மில்லிமீட்டர்" என்றார் ஆவுடையப்பன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்த அளவை வைத்துப் பார்த்தார். "என் மகளைக் குடுத்து வளத்த பயிரு. நல்லா வரட்டும், தாயி."

தூக்கிகள் இரண்டு வந்தன. செண்பகம் மகளை விட மனமில்லாமல் விட்டு, ஒன்றில் மல்லாந்து படுத்தாள். ஆவுடையப்பன் படுக்க மறுத்துவிட்டார். அதன் நான்கு கரங்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு, ஊர்வலம் வரும் உற்சவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தே பறந்தார். உலகம்மாள் மேடையிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். சிவப்புச் சட்டை மேட்டுக்குப் பின்னால் மறையும்வரை அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கரையில் எல்லோரும் கைதட்டினார்கள். நார்வேக்காரர், பென்குயின் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"பெருசா ஒண்ணும் இல்ல" என்றார் ஆவுடையப்பன்.

படகில் மரிசோல் ஒவ்வொருவர் பூட்ஸையும் கழற்றிப் பட்டியல் படித்தாள். "செண்பகவல்லி அம்மையார், எஞ்சியவை எழுபத்தொன்று. ஆவுடையப்பன் ஐயா, தூக்கியைப் பொத்தான் அழுத்தி அழைத்திருக்கிறார். எஞ்சியவை பதினான்கு."

செண்பகம் மெதுவாகத் திரும்பினாள். "எத்தனை?"

"பதினான்கு காலடிகள், அம்மையே."

"எட்டடிதானே இருந்துச்சு" என்றாள் அவரிடம். "கையில பதினாலை வச்சுக்கிட்டு எட்டடியில நின்னீங்களா?"

ஆவுடையப்பன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கிட்டப் போயிருந்தா கையைப் புடிச்சிருப்பேன். புடிச்சா, வா தாயி, வீட்டுக்குப் போயிருவோம்னு வாய் சொல்லிப்புடும். நான் ஒரு வார்த்தை கூப்பிட்டா அவ வந்துருவா, செம்பகம். போனுல கூப்பிட்டாலும் வந்துருவா. மூணு வருஷமா அதுக்குத்தான் மாடிக்குப் போனேன்."

செண்பகத்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டு மூன்று வருஷமாக இந்த மனிதரை என்னவெல்லாம் பேசியிருக்கிறாள். அவமானமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. அதைவிட, மகள் காலைத் தூக்கியபோது தான் வாயை மூடிக்கொண்டிருந்தது அவளை உறுத்தியது.

"அவ இறங்கும்போது நான் தடுக்கலைங்க" என்றாள்.

"பாத்தேன்" என்றார் ஆவுடையப்பன். "அதான் நான் கத்த வேண்டியதாப் போச்சு."